நிலக்கரிக்கு வாங்கிய 400 ரூபாயிலிருந்து தொடங்குவோம்: இந்தியாவின் கார்பன் விலை எப்படி அமைய வேண்டும்?

தென்பெண்ணை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இந்தியாவில் கார்பன் விலை, அதாவது கரியமில வாயு உமிழ்வுக்கு வைக்கும் விலை, எப்போது வரும் என்று பலரும் கேட்கிறார்கள். அது 2010 ஜூலையிலேயே வந்துவிட்டது என்பதை நினைவூட்டித் தொடங்குகிறேன். அந்த ஆண்டு ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி மேல்வரி விதிக்கப்பட்டது. 2014இல் அது 100 ரூபாயாகவும், 2015இல் 200 ரூபாயாகவும், 2016இல் 400 ரூபாயாகவும் உயர்ந்தது. நம் நாட்டு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயு வெளியேறும் என்று கொண்டால், அந்த 400 ரூபாய் என்பது ஒரு டன் உமிழ்வுக்கு 260 ரூபாய் அளவிலான விலையாகிறது. பெயரில் கார்பன் என்ற சொல் இல்லாவிட்டாலும் அது செய்த வேலை அதுதான்.

அந்தப் பணத்தின் கதையைத்தான் புதிய கொள்கையை வகுப்பவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2010-11 முதல் 2017-18 வரை ஏறத்தாழ 86,000 கோடி ரூபாய் திரண்டது. அதில் தேசியத் தூய எரிசக்தி நிதியத்துக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்கும் சற்றுக் குறைவு. திட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ 16,000 கோடி அளவில்தான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த மேல்வரி, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் மேல்வரியோடு கலந்துவிட்டது. தூய எரிசக்திக்கென்று தொடங்கிய வரி, கணக்கு வழக்கில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வேறொன்றாக மாறியதற்குக் காரணம், அந்தப் பணம் தமக்குரியது என்று சொல்லிக்கொள்ள நாட்டில் ஒருவர்கூட இல்லாததே.

இப்போது இரண்டாவது முயற்சி நடக்கிறது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு), காகிதக்கூழ் மற்றும் காகிதம் ஆகிய நான்கு துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு முதற்கட்டமாக இலக்குகள் வந்தன. ஐரோப்பாவைப் போல மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இதில் கிடையாது. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற செறிவுக்குத்தான் இலக்கு. இலக்கைவிடக் குறைவாக உமிழும் ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். மிகுதியாக உமிழும் ஆலை அதை விலைக்கு வாங்க வேண்டும். வாங்கத் தவறினால் சராசரிச் சந்தை விலையின் இரு மடங்கைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கட்ட வேண்டும்.

இதில் எனக்குள்ள பெருங்குறை, நாட்டிலேயே மிக அதிகமாக உமிழும் மின் உற்பத்தித் துறை வெளியே நிற்பது. ஆகவே நான் முன்வைக்கும் யோசனை இது: நிலக்கரிக்கு, அதன் மதிப்பைப் பார்த்து அல்லாமல் அதிலுள்ள கார்பனைப் பார்த்து, சுரங்க வாயிலிலேயே ஒரு விலையை வைக்க வேண்டும். நாட்டின் நிலக்கரியில் பெரும்பகுதியைக் கோல் இந்தியா என்ற ஒரே பொதுத்துறை நிறுவனம் வெட்டி எடுப்பதால், வசூலிப்பது எளிது, ஏய்ப்பது கடினம். திரளும் பணத்தைச் சமையல் எரிவாயு மானியம் போல நேரடியாகக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த முறை ஒரு நிதிநிலை அறிக்கை அதை எடுத்துக்கொள்ள முயலும்போது தட்டிக் கேட்க ஆள் இருக்கும். கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

சுண்ணாம்புப்பாறை

அரியலூர்ப் பகுதியில் சிமெண்ட் ஆலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நண்பர் தென்பெண்ணையின் யோசனை எங்கள் தொழிலின் பெரும்பாதியைத் தொடவே தொடாது. சிமெண்டின் முதன்மைப் பொருளான கிளிங்கரைச் செய்யும்போது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடுகிறோம். அந்தக் கல்லே பிரிந்து கரியமில வாயுவை விடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு, எரிபொருளைச் சேர்க்காமல், கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று அதிகமாக வெளியேறுகிறது. நிலக்கரிக்கு எவ்வளவு விலை வைத்தாலும் இந்த அரை டன்னுக்கு அது பொருந்தாது. சான்றிதழ்ச் சந்தை இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

செறிவு இலக்கு என்பது ஏமாற்று வேலை என்று சிலர் எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. வீடும் பாலமும் இன்னும் கட்டி முடியாத நாட்டில் மொத்த உற்பத்திக்கு மறைமுகமாக ஒரு கூரை போட்டால், முதலில் நிற்பது கட்டுமானம்தான். ஒவ்வொரு மூட்டையிலும் கிளிங்கரின் பங்கைக் குறைப்பதே எங்களால் உடனே செய்யக்கூடியது. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரை கலக்கலாம் என்று இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டுக்கு 2023இல் தனித் தரநிலையே வந்துவிட்டது. ஆனால் மேல்தளம் போடும் நாளில் மேஸ்திரிகள் கலப்பில்லாத சிமெண்டையே கேட்கிறார்கள், ஏனென்றால் அது சீக்கிரம் இறுகும், சாரத்தை விரைவில் பிரிக்கலாம். இந்தப் பழக்கத்தை மாற்ற, இரண்டு மூட்டைகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் விலை வேறுபாடு வேண்டும். அதைச் செறிவு இலக்கு முழுமையாகத் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலக்குக்கு உட்பட்ட உமிழ்வுக்கு ஆலை எதுவும் கட்டுவதில்லை. ஆகவே கிளிங்கர் மிகுந்த மூட்டையின் விலையும் பெரிதாக ஏறுவதில்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் அதன் 2023-24ஆம் ஆண்டு நிலையை அடிப்படையாக வைத்துத் தனித்தனி இலக்கு தரப்பட்டுள்ளது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே செலவு செய்து, கழிவு வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய ஆலைக்கு இன்னும் குறைக்க வழி சுருங்கிவிட்டது. அதுவரை ஒன்றும் செய்யாத ஆலைக்கோ எளிதான வேலைகள் மீதமுள்ளன. ஒரே பொருளுக்கு ஒரே அளவுகோல் என்ற நிலைக்கு, ஐந்தாண்டிலாவது, போய்ச் சேர வேண்டும்.

கணக்கேடு

நான் வரித்துறையில் ஆலோசகர். 2025 செப்டம்பர் 22 அன்று நடந்த மாற்றத்தை இந்த இழையில் இன்னும் யாரும் எடுத்துப் பேசவில்லை. அன்று நிலக்கரி மீதான 400 ரூபாய் மேல்வரி நீங்கியது. ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. பார்வைக்கு வரி கூடியது போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டன் 1,500 ரூபாய் விலையுள்ள தரம் குறைந்த நிலக்கரிக்கு முன்பு 75 ரூபாய் ஜிஎஸ்டியும் 400 ரூபாய் மேல்வரியும் சேர்த்து 475 ரூபாய் வரி. இப்போது 270 ரூபாய். டன் 4,000 ரூபாய் விலையுள்ள உயர்தர நிலக்கரிக்கு முன்பு 600 ரூபாய். இப்போது 720 ரூபாய். டன் விலை ஏறத்தாழ 3,077 ரூபாய்க்குக் கீழே உள்ள எல்லா நிலக்கரிக்கும் வரி குறைந்திருக்கிறது. அதற்கு மேலே உள்ளதற்குக் கூடியிருக்கிறது. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், மின் நிலையங்கள் இந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறவும் முடியாது. அது அப்படியே செலவில் ஏறுகிறது. சாம்பல் மிகுந்த, ஒரு யூனிட்டுக்கு அதிகமாக எரிக்க வேண்டிய நிலக்கரிக்குச் சலுகையும், குறைவாக எரித்தால் போதும் என்ற நிலக்கரிக்குக் கூடுதல் சுமையும் தருகிற ஏற்பாடு இது. வரி முறையைச் சீராக்க வேண்டும் என்ற நோக்கம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக எடையைப் பார்த்து வாங்கிய ஒரு கார்பன் விலை, மதிப்பைப் பார்த்து வாங்கும் சாதாரண வரியாகிவிட்டது. இதைப் பற்றிப் பொதுவெளியில் பெரிய விவாதமே நடக்காதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மின்தடம்

மின் வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கணக்கேடு அவர்களின் கணக்கு, மின் கட்டமைப்பில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

எந்த மின் நிலையத்தை முதலில் ஓட்டுவது என்பதை எரிபொருள் செலவின் வரிசைப்படி தீர்மானிக்கிறோம். யூனிட்டுக்குக் குறைந்த செலவுள்ளது முதலில். சுரங்கத்தின் வாயிலிலேயே இருக்கும் நிலையங்களுக்கு நிலக்கரி மலிவு, ரயில் கட்டணமும் இல்லை. அவை பழையனவாக, திறன் குறைந்தனவாக இருந்தாலும் வரிசையில் முன்னே நிற்கின்றன. சுரங்கத்திலிருந்து தொலைவில் உள்ள புதிய, திறன்மிக்க நிலையங்கள் பின்னே போகின்றன. கார்பனைப் பார்த்து வைக்கும் விலை இந்த வரிசையை ஓரளவு சரிசெய்யும். மதிப்பைப் பார்த்து வைக்கும் வரி இதை மேலும் கெடுக்கும். இந்த அளவில் தென்பெண்ணை ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் குடும்பங்களுக்குப் பணம் தரும் யோசனையில் ஒரு சிக்கல் உண்டு. டன் உமிழ்வுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியில் பிறக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. ஆக யூனிட்டுக்கு 50 காசு. நீர், காற்று, சூரியன், அணு எல்லாம் கலந்த நாட்டின் சராசரி யூனிட்டுக்கு 35 காசுக்குச் சற்று மேலே. எரிபொருள் மீதான வரியை உற்பத்தியாளர் அப்படியே பகிர்மானக் கழகத்தின் மீது ஏற்றிவிட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. கழகம் அதை நுகர்வோரிடம் வாங்க முடியுமா? தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. உழவர்களின் இலவச இணைப்புகளுக்கு முழுவதுமே கட்டணமில்லை. வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய சலுகைகள் உண்டு. அந்த 35 காசு ஏழை வீட்டின் ரசீதில் தெரியப்போவதில்லை. கழகத்தின் கடனிலும் மாநில அரசின் மானியக் கணக்கிலும் போய் உட்காரும். சுமையைத் தாங்குபவர் மாநிலம், பணம் பெறுபவர் குடும்பம் என்றால், நிதியமைச்சராக எந்தக் கட்சிக்காரர் இருந்தாலும் எதிர்ப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்றாலை, சூரிய மின்சாரத்தை முதலில் எடுத்தாக வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. கார்பன் விலை அவற்றின் முறையை மாற்றப்போவதில்லை. மாலை ஆறு மணிக்குச் சூரியன் போன பிறகு என்ன செய்வது என்பதே நாங்கள் தினமும் பட்ட பாடு. உபரி மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது நீரேற்று நிலையம். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களிலிருந்து இருக்கிறது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட் அளவில் ஆண்டுக்கணக்காகக் கட்டப்பட்டு வருகிறது. நிலக்கரியில் திரளும் பணம் இப்படிப்பட்ட சேமிப்புக்குப் போனால், விலை செய்வதைவிட அதிகமாக அந்தப் பணமே உமிழ்வைக் குறைக்கும்.

ஸ்கார்பரோ வாசகர்

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். பணத்தைத் திருப்பித் தந்தால் மக்கள் பாதுகாப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. அது முழுமையாகப் பலிக்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே 2019 ஏப்ரலில் ஒரு டன் உமிழ்வுக்கு 20 டாலர் என்று எரிபொருள் கட்டணம் தொடங்கி, 2024இல் 80 டாலர் ஆனது. பெட்ரோல் லிட்டருக்கு 17.6 சென்ட். வசூலில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடும்பங்களுக்கே திரும்பியது. 2024-25இல் ஒன்டாரியோவில் நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டாலர். கட்டியதைவிடப் பெற்றது அதிகம் என்ற நிலையில்தான் எங்களைப் போன்ற பல குடும்பங்கள் இருந்தன. ஆனால் முதல் சில ஆண்டுகள் அந்தத் தொகை வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்தது. 2022 ஜூலையில்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாக வரத் தொடங்கியது. எதற்கான பணம் என்று புரியும் பெயரை 2024இல்தான் வைத்தார்கள். அதற்குள் பெட்ரோல் நிலையத்தின் விலைப்பலகை ஒவ்வொரு நாளும் தன் பிரசாரத்தைச் செய்து முடித்துவிட்டது. எங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் கட்டணத்தைச் சொல்வார்கள், ஓரிருவர்தான் வரவைச் சொல்வார்கள்.

இன்னொரு அடி 2023 அக்டோபரில் விழுந்தது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு தந்தார்கள்; அதனால் பெரும் பயன் பெற்றவை அட்லாண்டிக் மாகாணங்கள். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் மாகாணங்கள் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டபோது நேர்மையான பதில் எதுவும் இருக்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் எரிபொருள் கட்டணம் சுழியமாகிவிட்டது. ஆலைகளுக்கான கார்பன் விலை மட்டும் நிற்கிறது. அதுவும், உங்கள் சான்றிதழ்த் திட்டத்தைப் போலவே, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்ற அளவுகோலில் அமைந்ததுதான். மக்கள் கண்ணில் படாத பகுதி பிழைத்தது, பட்ட பகுதி விழுந்தது. இந்தியா ஒரு விலக்கு தந்தால் பத்து விலக்கு கேட்கும் நாடு என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

தென்பெண்ணை

மூவருடைய மறுப்பும் என் யோசனையை மாற்றியிருக்கிறது. மாற்றிய வடிவத்தை எழுதுகிறேன்.

சுண்ணாம்புப்பாறை அவர்கள் சொன்னது சரி. ஆலைகளுக்குச் சான்றிதழ்ச் சந்தையே பொருத்தம். ஆனால் அதற்கு ஒரு தரைவிலை, அதாவது அதற்குக் கீழே இறங்காத குறைந்தபட்ச விலை, கட்டாயம் வேண்டும். இதற்கு முன்பு, எரிசக்தியை இலக்குக்கு மேல் சேமித்த ஆலைகளுக்குத் தந்த எரிசக்திச் சேமிப்புச் சான்றிதழ்களின் முதல் சுற்றை நினைத்துப் பாருங்கள். 2012 முதல் 2015 வரை 478 ஆலைகளுக்கு மொத்தம் 66.9 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்பு இலக்காகத் தரப்பட்டது, அவை 86.7 லட்சம் டன் சேமித்தன. கேட்பதற்கு வெற்றி. ஆனால் இலக்கு தளர்வாக இருந்ததால் விற்பவர் மிகுந்து வாங்குபவர் குறைந்தனர். வணிகம் தொடங்கியதே 2017 செப்டம்பரில்தான். ஐரோப்பாவும் 2005இல் தொடங்கியபோது உமிழ்வு அனுமதிகளை அள்ளிக் கொடுத்து, 2007இல் விலை ஏறத்தாழச் சுழியத்துக்கு விழுந்ததைப் பார்த்தது. அங்கே உபரியை உறிஞ்சும் இருப்பு ஏற்பாடு 2019இல் நடைமுறைக்கு வந்து, விலை நிமிர்ந்து, 2023 பிப்ரவரியில் டன் 100 யூரோவைத் தொட்டது. அதற்குப் பிடித்த காலம் பதினெட்டு ஆண்டுகள். நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

மின்தடம் ஐயா சொன்ன பிறகு, குடும்பங்களுக்கு நேரடித் தொகை என்பதை இப்போதைக்குக் கைவிடுகிறேன். விலையேற்றம் ரசீதில் தெரியாத இடத்தில் அந்தத் தொகை எதற்கான ஈடு என்றே புரியாது. ஸ்கார்பரோ வாசகர் சொன்ன குழப்பம் இன்னும் பெரிதாக வரும். சுரங்க வாயில் விலை அப்படியே இருக்கட்டும். பணம் மாநிலங்களுக்குப் போகட்டும், ஆனால் பொதுக் கருவூலத்துக்கு அல்ல. நீரேற்று நிலையம், மின்கலச் சேமிப்பு, மின் கடத்துத் தடம் என்று பெயர் சொல்லி, எந்த ஊரில் எந்தப் பணி என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போகட்டும். அப்போது பணத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். அவர் தில்லியில் மட்டும் இருக்கமாட்டார்.

முதுகலை மாணவி

ஒரு சிறு ஐயம். இறக்குமதியாகும் பொருளின் உமிழ்வுக்கு வாங்கும் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உற்பத்தியான நாட்டில் கட்டிய கார்பன் விலையை அதில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படியானால் நம் சான்றிதழ்த் திட்டமே நம் எஃகையும் அலுமினியத்தையும் காப்பாற்றிவிடாதா?

கணக்கேடு

நல்ல கேள்வி, அம்மா. கழித்துக்கொள்ளலாம், ஆனால் உண்மையில் கட்டிய தொகையை மட்டுமே. நம் திட்டத்தில் ஓர் ஆலை தன் இலக்கைத் தாண்டிய அந்தச் சிறு வேறுபாட்டுக்கு மட்டும் சான்றிதழ் வாங்குகிறது. முதற்கட்ட நான்கு துறைகளில் எஃகு இல்லை; அது சேர்ந்தாலும் கணக்கு இதுதான். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் உமிழும் ஆலை, அதில் சில விழுக்காட்டுக்கு மட்டும் பணம் கட்டியிருந்தால், மொத்த உமிழ்வின் மீது பரப்பிப் பார்க்கையில் டன்னுக்குச் சில ரூபாய்தான் தேறும். இலக்கை எட்டிய ஆலைக்குக் கழிக்க ஒன்றுமே இராது. இங்கே வாங்காத பணத்தை அங்கே வாங்கிக்கொள்வார்கள். சுரங்க வாயிலில் கார்பனுக்கு என்று பெயர் சொல்லி ஒரு விலையை வாங்கினால், அதைக் கழிக்கச் சொல்லி வாதாட நமக்கு இடம் இருக்கிறது. மதிப்பு வரியாக வாங்கும் 18 விழுக்காட்டைக் காட்டி அப்படி வாதாடுவது மிகவும் கடினம்.

சுரங்கம் இரண்டு

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தை அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். இவ்வளவு நேரம் எல்லாரும் நிலக்கரி என்று பேசுகிறீர்கள். எங்கள் பழுப்பு நிலக்கரியை யாரும் எண்ணவில்லை. அதில் ஈரம் மிகுதி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயுவும் மிகுதி. கார்பனைப் பார்த்து விலை வைத்தால் மின்தடம் ஐயா சொல்லும் வரிசையில் முதலில் பின்னுக்குப் போகக்கூடியது எங்கள் ஊர்தான். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நிலத்தைக் கொடுத்த கிராமங்களும், நிரந்தரப் பணி கிடைக்காமலே முதுமை அடைந்த தொழிலாளர்களும் உங்கள் பட்டியலில் எங்கே என்றுதான் கேட்கிறேன். நீரேற்று நிலையம் நீலகிரியில் வரும். எங்களுக்கு என்ன வரும்?

2015இல் வந்த மாவட்டக் கனிம நிதியம் என்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. சுரங்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகைக்கு மேல், அதில் ஒரு பங்குக்குச் சமமான தொகை அதன் வழியாகச் சுரங்கம் உள்ள மாவட்டத்துக்குப் போகிறது. கார்பன் பணத்தில் ஒரு பங்கை, ஒப்பந்தத் தொழிலாளர் என்ற சொல்லைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதி, அந்த வழியாகத் தர முடியாதா? கடலூருக்கும் தன்பாத்துக்கும் கோர்பாவுக்கும் இது பொருந்தும்.

மின்தடம்

தம்பி கேட்பது நியாயம். ஆனால் சேமிப்புக்கும் கடத்துத் தடத்துக்கும் தேவைப்படும் தொகை மிகப் பெரியது. தொழிலாளர் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டினால் மாலை நேர மின்வெட்டுக்கு யார் பொறுப்பு என்று என்னைப் போன்றவர்களைத்தான் கேட்பார்கள்.

சுரங்கம் இரண்டு

பத்தில் ஒன்று போதாது, ஐயா. சுரங்கம் மூடும் ஆண்டு எது என்று முன்கூட்டியே அறிவித்து, அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அந்த மாவட்டத்தின் பங்கு படிப்படியாக உயர வேண்டும். மூடிய பிறகு வரும் பணத்தால் பயனில்லை. அதற்குள் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விடுவார்கள்.

தென்பெண்ணை

மூடும் ஆண்டோடு பங்கைப் பிணைப்பது எனக்குத் தோன்றாத ஒன்று. அதை என் வரைவில் ஒப்பந்தத் தொழிலாளர் என்ற சொல்லோடு சேர்த்துவிட்டேன். விழுக்காட்டை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்களும் மின்தடம் ஐயாவும் ஆளுக்கொரு எண்ணைக் காரணத்தோடு எழுதினால், இரண்டையும் அப்படியே அடுத்த பதிவில் வைக்கிறேன்.